மாமா லாரிக்கு மூளை மாத்தின கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. "என்னய்யா, கடைய மூடிட்டியா?"ன்னு ரெண்டு மூணு பேர் தனிமடல்ல கேட்டிருந்தீங்க. மூடலைங்க. ஆபீஸ்ல ஆணி புடுங்குறது எப்பவும் இருக்கறதுதான். இந்த முறை அதுக்கு மேல மாமாவோட லாரி நின்னு போச்சு. அதோட சேர்ந்து நானும் 23 நாள் நின்னுட்டேன். இது முழுக்க முழுக்க லாரிப் பதிவு. கவிதை, சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். செங்கம். திருவண்ணாமலையிலேருந்து கிருஷ்ணகிரி போற ரோட்ல, ஜவ்வாது மலை அடிவாரம். எங்க ஊர்ல சொந்தமா ஒரே ஒரு லாரி வச்சுக்கிட்டு அதையே தானே ஓட்டிப் பொழைக்கிறவங்க நிறைய பேர். எங்க மாமாவும் அதுல ஒருத்தர். அம்மாவோட தம்பி. பதினாறு வயசுல கிளீனரா ஏறினவர். இப்ப இருக்கறது 2017 மாடல், ஆறு சக்கரம், செகண்ட் ஹேண்டுல வாங்கினது. காமன் ரயில் இன்ஜின். டியூ இன்னும் முடியல.

மல்லாட்டை மூட்டை ஏத்திக்கிட்டு கிருஷ்ணகிரி பக்கமா போனவர், சிங்காரப்பேட்டை தாண்டினதும் போன் பண்ணார்.

"மாப்ள, வண்டி ஆஃப் ஆயிடுச்சு. லைட் எரிஞ்சிக்கினே கீது. செல்ஃப் அடிச்சா சுத்துது, புடிக்க மாட்டேங்குது."

"டீசல் இருக்கா மாமா?"

"டேய், நான் லாரி ஓட்டி முப்பது வருஷம் ஆச்சு!"

அன்னிக்கு ஆரம்பிச்சது. ரோட்டோரம் வந்த மெக்கானிக் ஃபில்டர் பாத்தார், ஏர் லாக் எடுத்தார், ரயில் பிரஷர் சென்சார் மாத்தினார், கிராங்க் சென்சார் மாத்தினார். பதினோராயிரம் காலி. வண்டி அப்படியே. சரக்கை வேற வண்டிக்கு மாத்தி அனுப்பிட்டு, லாரியைக் கட்டி இழுத்துக்கிட்டு கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். (பேர் வேணாம். எந்தக் கம்பெனியா இருந்தாலும் இதே கதைதான்னு அப்புறம் நாலு பேர்கிட்ட விசாரிச்சப்ப தெரிஞ்சுது.) அங்க கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்துட்டு ஒரே வரியில சொல்லிட்டாங்க: "ஈசிஎம் போச்சு. மாத்தணும்."

ஈசிஎம்னா இன்ஜினோட கன்ட்ரோல் பெட்டி. எங்க ஊர் மெக்கானிக் பாஷையில "மூளை". அலுமினியத்துல ஒரு டப்பா, டிபன் பாக்ஸ் சைஸ்தான் இருக்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிச்சீங்க, இன்ஜின் எவ்வளவு சூடு, கிராங்க் எந்த இடத்துல சுத்திக்கிட்டு இருக்கு, டீசல் என்ன அழுத்தத்துல நிக்குது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, எந்த இன்ஜெக்டர் எப்ப, எவ்வளவு நேரம் திறக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும். காமன் ரயில்ல டீசல் அழுத்தம் ஆயிரத்து அறுநூறு பார் வரைக்கும் கூடப் போகும். அதைக் கணக்கா அளந்து விடறது மனுஷக் கையால ஆகற வேலை இல்ல.

விலை ஒரு லட்சத்து நாப்பதாயிரம். புரோகிராமிங் தனி. ஸ்டாக் இல்ல, மூணு வாரம் ஆகும், முழுப் பணமும் இப்பவே கட்டணும். ஏன் போச்சுன்னு கேட்டதுக்கு "போயிடுச்சு சார்"னு பதில்.

மாமாவுக்கு மாச டியூ 41 ஆயிரம். வண்டி ஓடினாத்தான் டியூ. அத்தை ஒண்ணும் பேசாம உள்ள போய் வளையலைக் கழட்டிக்கிட்டு வந்து மேஜை மேல வச்சாங்க. அந்த இடத்துல எனக்கு வேற வழி தேடணும்னு தோணுச்சு. வீட்ல படிச்சவன்னு பேர் எடுத்த பாவம் வேற.

புதுப்பேட்டையில பழசு கிடைக்கும்னாங்க. கிடைச்சுது. அதே மாடல், பெட்டி மேல அச்சடிச்ச பார்ட் நம்பர் ஒரு எழுத்து மாறாம அதே. இருபத்தாறாயிரம். பஸ்ல மடியில வச்சு குழந்தை மாதிரி கொண்டு வந்தேன். மாட்டினோம். சாவி போட்டா லைட் வருது, செல்ஃப் சுத்துது, இன்ஜின் புடிக்கல. அவ்வ்வ்...

விஷயம் என்னன்னா, அந்தப் பெட்டி இன்னும் தான் பழைய லாரியிலதான் இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள அந்த வண்டியோட சேஸ் நம்பர், அந்த வண்டிச் சாவியோட ரகசிய எண், அந்த வண்டி இன்ஜெக்டர்களோட கோட் எல்லாம் எழுதியிருக்கு. அந்தக் காலத்துல ஒரு ஊர் ரேஷன் கார்டை எடுத்துக்கிட்டு அடுத்த ஊர் கடையில போய் நின்னா சக்கரை போட மாட்டான் இல்ல, அது மாதிரி. இன்ஜெக்டர் கோட் தெரியாதவங்களுக்கு: ஒரே மாதிரி இருக்கற ஆறு இன்ஜெக்டரும் உண்மையில ஒரே மாதிரி டீசல் விடாது. மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஃபேக்டரியிலயே ஒவ்வொண்ணையும் அளந்து அதோட தலையில ஒரு கோட் அடிச்சுடுவாங்க. அதை ஈசிஎம்முக்குள்ள எழுதினாத்தான் அது வித்தியாசத்தைச் சரிக்கட்டும். பெட்டியை மாத்தறது நாலு போல்ட்டும் ரெண்டு சாக்கெட்டும்தான். அதுக்கு "இனிமே இதுதான் உன் வண்டி"ன்னு சொல்லி வைக்கிறதுதான் வேலையே. அதைச் சொல்ற சாஃப்ட்வேரும் பாஸ்வேர்டும் கம்பெனி ஒர்க்‌ஷாப்புல மட்டும்தான் இருக்கு. "வெளியில வாங்கின பெட்டிக்கு நாங்க புரோகிராம் பண்ண மாட்டோம்"னுட்டாங்க. காசு தரேன்னு சொன்னாலும் இல்லையாம்.

கடைசியில எங்க ஊர் ஒர்க்‌ஷாப் பாய்தான் வழி சொன்னார். "தம்பி, திருவண்ணாமலையில ஒரு பையன் இருக்கான். பாலிடெக்னிக் படிச்சவன். லேப்டாப் வச்சினு இதே வேலையா திரியறான். கூப்பிட்டுப் பாரு."

பையன் வந்தான். இருபத்தஞ்சு வயசு இருக்கும். வந்ததும் லேப்டாப்பைத் திறப்பான்னு பாத்தா, மல்டிமீட்டரை எடுத்தான். "அண்ணே, பழசு ஏன் செத்துச்சுன்னு தெரியாம புதுசை மாட்டக் கூடாது. மாட்டினா அதுவும் சாகும்."

கம்பெனி ஒர்க்‌ஷாப்புல யாரும் சொல்லாத வாக்கியம். நான் ஏற்கெனவே மாட்டி சாவி போட்டுப் பாத்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லல. (அப்புறம் சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டான். பெட்டி தப்பிச்சது எங்க குலசாமி புண்ணியம்.)

ரெண்டு நாள் வயர் வயரா தேடினான். வால்வு கவர் பக்கத்துல ஹார்னஸ் புடிச்சு வைக்கிற கிளிப் எப்பவோ உடைஞ்சு, யாரோ பச்சை நைலான் கயித்தால கட்டி வச்சிருந்தாங்க. கயிறு தளர்ந்து, மூணாவது இன்ஜெக்டருக்குப் போற வயர் ஒரு பிராக்கெட்ல உரசி உரசித் தோல் போய், செம்பு தெரிஞ்சுக்கிட்டு இருந்துது. அது பாடியில தொட்ட நேரத்துல ஈசிஎம்முக்குள்ள இன்ஜெக்டரை ஓட்டற பகுதி எரிஞ்சிருக்கு. பத்து ரூபா கிளிப். ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பெட்டி.

இதைக் கண்டுபுடிக்க ரெண்டு நாள் ஏன் ஆச்சுன்னா, அவன்கிட்ட இருந்த வயரிங் படம் வேற மாடலோடது. ஜெராக்ஸை போட்டோ எடுத்து, வாட்ஸப்புல நாலு கை மாறி வந்த படம். பாதி எழுத்து அழிஞ்சிருந்துது. சரியான படம் இருந்தா அரை மணி நேர வேலைன்னான்.

எங்க ஊர்க்காரனா இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். பத்துப்பாட்டுல மலைபடுகடாம்னு ஒரு நூல் இருக்கு. பெருங்கௌசிகனார் பாடினது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் தலைநகர் செங்கண்மா, அதாவது எங்க செங்கம். 583 அடி. அதுல பெரும்பகுதி என்னன்னா, நன்னனைப் பாக்கப் போற கூத்தருக்கு வழி சொல்றது. எங்க வழுக்கும், எங்க பாம்பு இருக்கும், எங்க பன்றிக்கு வச்ச பொறி இருக்கும், ராத்திரி எங்க தங்கலாம் எல்லாம். முன்னாடி போய் வந்தவன் பின்னாடி போறவனுக்குச் சொல்லணும்ங்கறது தமிழ்ல ஒரு இலக்கிய வகை! ஆற்றுப்படைன்னு பேரே வச்சிருக்கோம். அந்தப் பாட்டு எந்த ஊர்ல போய் முடியுதோ, அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு ஒரு பையன் அழிஞ்சு போன ஜெராக்ஸை ஜூம் பண்ணிப் பாத்துக்கிட்டு இருந்தான். எனக்கு வயிறு எரிஞ்சுது.

சரி, கதையை முடிச்சுடறேன். வயரைச் சரி பண்ணினான். பழைய பெட்டியைத் திறந்தான். எரிஞ்சது ஓட்டற பகுதிதான், மெமரி நல்லா இருந்துது. அதுல இருந்த எல்லாத்தையும் படிச்சு, புதுப்பேட்டை பெட்டியில எழுதினான். நாலு மணி நேரம். சாவி போட்டு செல்ஃப் அடிச்சதும் ஒரே சுத்துல புடிச்சுது. மாமா ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. பையனுக்குப் பன்னெண்டாயிரம். பில் கிடையாது.

சென்சார், இழுவை, பெட்டி, கூலி எல்லாம் சேத்து அம்பத்தெட்டாயிரம். 23 நாள் வருமானம் தனி. அத்தை வளையல் அடகுக்குப் போகாம தப்பிச்சுது, ஒரு ஜோடி மட்டும்.

இப்ப என் கருத்துக்கு வரேன். பதிவே அதுக்குத்தான்.

மாமா கட்சி ரொம்ப சுலபம். "கம்ப்யூட்டரே வாணாம் மாப்ள. மைக்கோ பம்ப் வண்டிதான் வண்டி." பழைய லாரியில டீசல் பம்ப் முழுக்க இயந்திரம். ரிப்பேர்னா பம்ப் கடையில கொடுத்து காலிப்ரேஷன் பண்ணி மறுநாள் மாட்டிடலாம். அந்த பம்ப் கடை எல்லா ஊர்லயும் இருந்துது. 2017ல பிஎஸ்-4 நாடு முழுக்க வந்தப்ப கூட அசோக் லேலண்ட் ஐ-ஈஜிஆர்னு சொல்லி இன்லைன் பம்பை வச்சுக்கிட்டே சமாளிச்சாங்க. டிரைவருங்க அதைக் கொண்டாடினதுக்குக் காரணம், கண்ணுக்குத் தெரியற ரிப்பேர். ஆனா 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்ல. எனக்கு அதுல வருத்தமும் இல்ல. பரமனந்தல் வழியா மலை ஏறுற பழைய லாரி பின்னாடி பைக்ல போயிருக்கீங்களா? மூக்கைச் சிந்தினா கரி வரும். ரோட்டோரம் ஸ்கூலுக்கு நடக்கிற மலைக் குழந்தைங்க அதைத்தான் சுவாசிச்சுதுங்க. அதனால மூளை வேணாம்ங்கற கட்சியில நான் இல்ல. மூளைக்கு ஏன் பூட்டு, சாவி ஏன் ஒரே ஆள்கிட்டங்கறதுதான் என் கேள்வி.

இது ஏதோ நான் மட்டும் புலம்பற விஷயம் இல்ல. 2014 ஆகஸ்ட் 25ல நம்ம நாட்டுப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. குற்றம் என்ன? வெளி மெக்கானிக்குக்கு ஸ்பேர் பார்ட்ஸும், கோளாறு கண்டுபுடிக்கிற கருவியும் கிடைக்காம பண்ணினது. இதையெல்லாம் திறந்து விடுங்கன்னும் உத்தரவு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனது தனிக்கதை. ஆனா நியாயம் எந்தப் பக்கம்னு ஆணையமே எழுதி வச்சிருக்கு. அது காருக்கு. லாரிக்காரன் கேஸ் போடப் போனா அன்னிக்கு லோடு யார் அடிக்கிறது?

2022 ஜூலையில நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டாங்க. எடுத்துக்கிட்ட நாலு துறையில வண்டிகளும் விவசாயக் கருவிகளும் இருக்கு. அந்த வருஷம் டிசம்பர்ல ஒரு போர்ட்டலும் வந்துது. நல்ல ஆரம்பம். ஆனா லாரி மெக்கானிக்குக்கு வேண்டியது வாரண்டி விவரம் இல்ல. வயரிங் படமும், கோட் எழுதற அனுமதியும்.

எனக்கு ரொம்பக் கடுப்பானது இன்னொரு விஷயம். நம்ம பிஎஸ்-6, ஐரோப்பாவோட யூரோ-6ஐப் பாத்து வச்சது. லாரி மாதிரி கனரக வண்டிகளுக்கு அங்க யூரோ-6 கொண்டு வந்த சட்டம் 2009ல போட்ட 595ஆம் எண் ஒழுங்குமுறை. அதோட தலைப்பைப் படிச்சுப் பாருங்க. முதல் பாதி புகை அளவு. ரெண்டாவது பாதி வண்டியோட ரிப்பேர், பராமரிப்புத் தகவல் எல்லாருக்கும் கிடைக்கணும்ங்கறது. ரெண்டும் ஒரே சட்டம், ஒரே மூச்சு. சிக்கலான இயந்திரத்தைக் கட்டாயமாக்கினா அதைச் சரி பண்ற வழியையும் கட்டாயமாக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம பக்கம் பேப்பர்ல என்ன இருந்தாலும் இருக்கட்டும். செங்கத்துக்கு முதல் பாதி வந்து சேர்ந்துடுச்சு. ரெண்டாம் பாதி இன்னும் எங்க பாய் கைக்கு வரலை. அமெரிக்காவுல கூட 2015ல லாரி கம்பெனிகளும் வெளி ஒர்க்‌ஷாப், பார்ட்ஸ் சங்கங்களும் உக்காந்து ஒப்பந்தம் போட்டாங்க. 2010க்கு அப்புறம் வந்த பெரிய வண்டிகளுக்கு ரிப்பேர் தகவலும் கருவியும் வெளியில காசுக்குக் கிடைக்கணும்னு. கவனிங்க, இலவசமா இல்ல, காசுக்கு. நானும் அதைத்தான் கேக்கறேன்.

கம்பெனிக்காரங்க பதில் எனக்குத் தெரியும். திறந்து விட்டா புகைக் கட்டுப்பாட்டை அணைச்சுடுவாங்க, திருடன் சாவி அடிச்சுடுவான். ரெண்டுமே பொய் இல்ல. யூரியா ஊத்தற செலவை மிச்சம் புடிக்க அந்தப் பகுதியையே சாஃப்ட்வேர்ல "டெலீட்" பண்ணித் தர்றவங்க ஹைவேஸ்ல இருக்காங்க. எங்க பையன் பண்ணின அதே வேலையை வச்சு திருட்டு வண்டிக்கு நம்பர் மாத்தவும் முடியும். அதை நினைச்சா எனக்கும் உறுத்துது. ஆனா பாருங்க, பூட்டு போட்டும் திருடன்கிட்ட கருவி இருக்கு, டெலீட் பண்றவன்கிட்டயும் இருக்கு. இல்லாதது நேர்மையா பில் போட்டு வேலை செய்ய நினைக்கிறவன்கிட்ட மட்டும்தான். அந்தப் பையன் பேரைப் பதிவு பண்ணி, காசு வாங்கிக்கிட்டு, எந்த சேஸ் நம்பருக்கு எந்தப் பெட்டி எழுதினான்னு கணக்கு வைக்கிற மாதிரி அனுமதி கொடுத்தா திருட்டும் குறையும், அவனுக்கும் ஒரு தொழில். இப்ப அவன் திருடன் மாதிரி ஒளிஞ்சு வேலை செய்யறான். புகையை வச்சு எங்களுக்குப் பாடம் எடுக்கறதுக்கு முன்னாடி 2015ல ஃபோக்ஸ்வேகன் சாஃப்ட்வேர்லயே புகை டெஸ்ட்டை ஏமாத்தி மாட்டினதையும் நினைச்சுக்கணும். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டி. அதைப் பண்ணினது ரோட்டோர மெக்கானிக் இல்லைங்க.

எங்க பக்கத் தப்பையும் சொல்லாம விட்டா பாய் கோச்சுக்குவார். (அவர்தான் சொல்லச் சொன்னார்.) எது நின்னாலும் "மூளை போச்சு"ன்னு சொல்ற பழக்கம். ஈசிஎம் அவ்வளவு சீக்கிரம் சாகாது. கடைசியா சந்தேகப்பட வேண்டிய ஆள் அது. பையன் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்றேன். முதல்ல பெட்டிக்குள்ள கரண்ட் போகுதா, செல்ஃப் அடிக்கும்போதும் நிக்குதான்னு பாரு. எர்த் பாரு, ஃப்யூஸ், ரிலே பாரு. சென்சார்களுக்குப் போற 5 வோல்ட் சரியா இருக்கா பாரு, ஏன்னா ஒரு சென்சார் ஷார்ட் ஆனா அந்த லைன்ல இருக்கற எல்லாம் சேர்ந்து கோளாறு காட்டும், பாக்கறவன் பெட்டியே போச்சும்பான். பேட்டரியைக் கழட்டிட்டு கேன் வயர் ரெண்டுக்கும் நடுவுல அளந்தா 60 ஓம்ஸ் வரணும். முன்னூறு ரூபா மல்டிமீட்டர் போதும். இதைப் பண்ணாம சென்சார் மாத்தித்தான் மாமாவோட பதினோராயிரம் போச்சு. பாடியில வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரையும் ஈசிஎம் சாக்கெட்டையும் கழட்டாம வச்சு பெட்டியைக் கொன்னவங்களும் எங்க ஊர்ல உண்டு.

மாமா வண்டி இப்ப ஓடுது. போன வாரம் ஊத்தங்கரைக்கு லோடு. சீட்டுக்கு அடியில ஒரு டப்பா நிறைய ஹார்னஸ் கிளிப் வாங்கி வச்சிருக்கார், டீக்கடையில நிக்கிற மத்த லாரிக்காரங்களுக்கும் எடுத்து நீட்டறார். அந்தப் பழைய பெட்டி எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. ஓட்டற பகுதிதான் போச்சு, மத்தது நல்லா இருக்குன்னான் பையன். ஐடிஐ, பாலிடெக்னிக் பசங்க யாராவது பிரிச்சுப் படிக்கக் கேட்டா கொடுத்துடறேன். காசு வேணாம்.

டிஸ்கி: 2017 பிஎஸ்-4 ஆறு சக்கர வண்டிக்கு எழுத்து அழியாத வயரிங் படம் நேர் வழியில வாங்க வழி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. பாய் கேட்டுக்கிட்டே இருக்கார்.